டி-டே: அந்த 'டி'க்கு என்ன அர்த்தம்? ஜூன் 6 ஏன் முக்கியம்?

இரண்டாம் உலகப் போர் என்றாலே காதில் விழும் வார்த்தை 'டி-டே'. ஆனா, அந்த 'டி' எதைக் குறிக்குது?

'டி' என்றால் என்ன?

பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 'டே' என்ற சொல்லின் முதல் எழுத்துதான். தாக்குதல் தேதியை வெளியே சொல்லாமல் திட்டம் போட ராணுவம் வைத்துக்கொள்ளும் அடையாளம் இது. முந்தின நாள் 'டி மைனஸ் 1', மறுநாள் 'டி பிளஸ் 1'.

என்ன நடந்தது?

1944 ஜூன் 6. ஹிட்லர் பிடியில் இருந்த பிரான்ஸின் நார்மண்டியில், அமெரிக்கா, பிரிட்டன், கனடா உள்ளிட்ட நேச நாடுகளின் சுமார் 1,56,000 வீரர்கள் கடல், வான் வழியாக இறங்கினர். யூட்டா, ஒமாஹா, கோல்டு, ஜூனோ, ஸ்வார்டு என 5 கடற்கரைகள். இழப்பு அதிகம் ஒமாஹாவில்தான். அன்று மட்டும் நேச நாட்டு வீரர்கள் 4,414 பேர் பலியானது உறுதி செய்யப்பட்டுள்ளது.

ஒருநாள் தள்ளிப்போனது ஏன்?

முதலில் குறித்த தேதி ஜூன் 5. கடல் கொந்தளித்ததால் தளபதி ஐசன்ஹோவர் ஒருநாள் தள்ளிவைத்தார். 6-ம் தேதி வானிலை கொஞ்சம் தெளியும் என்ற கணிப்பை நம்பித்தான் உத்தரவிட்டார். தோற்றால் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். அதை வெளியிடும் தேவை வரவில்லை.

ஏன் முக்கியம்?

கிழக்கே சோவியத் படையோடு மோதிக்கொண்டிருந்த ஜெர்மனி, இப்போது மேற்கிலும் சண்டை போட வேண்டியதாச்சு. ஆகஸ்ட் 25-ல் பாரிஸ் விடுதலை. 1945 மே மாதம் ஜெர்மனி சரண்.