பெரிய கப்பலும் சிறிய யந்திரமும்

மும்பையில் குடியேறிய தமிழரில், இந்திய வாயிலின் அருகே நின்று எலிபெண்டாத் தீவுக்குச் செல்லும் லாஞ்சுகளைப் பார்த்திராதவர் அரியர். கொல்கத்தாவில் வாழ்வோரோ ஹூக்ளி நதியை ஒரு முறையேனும் படகில் கடந்திருப்பார்கள். அக்கரை சேரும் வரையில் யந்திரத்தின் இரைச்சல் நம் காதில் விழுகிறது. அது குடிக்கும் எண்ணெயின் கணக்கு மட்டும் நம் நினைவுக்கு வருவதில்லை. படகுக்காரருக்கோ அந்தக் கணக்கே அன்றாடக் கவலை. அந்தக் கவலைக்கு 200 ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. பெரிய விசையை வேண்டும்போது மட்டும் இயக்கி, மற்ற நேரங்களில் சிறிய விசையால் காரியத்தை நடத்துவது என்னும் யோசனை அவ்வரலாறு நெடுகிலும் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது.

நீராவி யந்திரம் கடலுக்கு வந்த காலத்தில் அதுவே துணை யந்திரமாக இருந்தது. கப்பலின் தலையாய விசை காற்று. 1819-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட 'சவானா' என்னும் கப்பல் ஏறக்குறைய 29 நாட்களில் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து லிவர்ப்பூலை அடைந்தது. அந்த 29 நாட்களில் நீராவி இயங்கியது சுமார் 80 மணி நேரமே. காற்று வீசியபோது பாய் விரித்து ஓடினார்கள். துடுப்புச் சக்கரங்களைக் கழற்றி மேல்தளத்தில் மடித்து வைக்கவும் வசதி செய்திருந்தார்கள். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று நம் முன்னோர் களத்து மேட்டில் கண்ட உண்மையை அந்த மாலுமிகள் கடலில் கண்டார்கள். யந்திரமும் விறகும் கரியும் சரக்குக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டதால் கப்பல் லாபம் தரவில்லை. பின்னர் யந்திரத்தை எடுத்துவிட்டு அதை வெறும் பாய்மரக் கப்பலாகவே ஓட்டினார்கள்.

இந்தியாவுக்கு நீராவிக் கப்பல் வந்த கதையும் எரிபொருளின் கதையே. இங்கிலாந்துக்கும் வங்காளத்துக்கும் இடையே சராசரி 70 நாட்களில் கப்பல் ஓட்டுவோருக்குப் பெரும் பரிசு அளிப்பதாகக் கல்கத்தாவில் அறிவித்திருந்தார்கள். அதை நாடி 1825 ஆகஸ்டில் 'என்டர்பிரைஸ்' என்னும் கப்பல் பால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அதில் தலா 60 குதிரை சக்தியுள்ள 2 யந்திரங்கள் இருந்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு அது ஹூக்ளியை அடைந்தபோது டிசம்பர் மாதம் பிறந்துவிட்டது. பிரயாணம் 113 நாட்கள் பிடித்தது. அவற்றில் சுமார் 64 நாட்களே நீராவி இயங்கியது. வழிநெடுக வேண்டிய கரியை ஒரே கப்பலில் ஏற்றிச் செல்வது இயலாத காரியம் என்பது அப்போது தெளிவாயிற்று.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பம்பாய் தன் முயற்சியைத் தொடங்கியது. அந்நகரின் கப்பல் தளத்தில் உருவான 'ஹியூ லிண்ட்சே' என்னும் நீராவிக் கப்பல் 1830 மார்ச் 20-ஆம் தேதி சூயஸை நோக்கிப் புறப்பட்டது. ஐந்தரை நாளுக்கு வேண்டிய கரியைக் கொள்ளும்படியே அதைக் கட்டியிருந்தார்கள். ஏடன் துறைமுகமோ அதைப்போல் இருமடங்கு தொலைவில் இருந்தது. ஆகவே பிரயாணிகள் தங்கும் அறைகளிலும் கரியைக் குவித்துக்கொண்டு, நீர்மட்டம் மேலேறும் அளவுக்குப் பாரத்துடன் கப்பல் கடலில் இறங்கியது. 11 நாட்களில் ஏடனை அடைந்தபோது அதன் கிடங்கில் எஞ்சியிருந்தது சில மணி நேரத்துக்கான கரி மட்டுமே. எதிர்க்காற்று ஒரு நாள் வலுத்து வீசியிருந்தால் கதை வேறு விதமாக முடிந்திருக்கும். ஏப்ரல் 22-ஆம் தேதி கப்பல் சூயஸைச் சேர்ந்தது. ஏடனை ஆங்கிலேயர் 1839-இல் கைப்பற்றியதற்குக் கரி நிலையம் ஒன்றின் தேவையும் ஒரு காரணம். ஒரு யந்திரத்தின் பசி ஒரு துறைமுகத்தின் தலைவிதியையே மாற்றியது எனலாம்.

யந்திரம் ஏன் இவ்வளவு தின்கிறது? இதற்கு விடை தேடியவர்களுள் வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் முதன்மையானவர். 1870-களின் தொடக்கத்தில் டார்க்கி என்னும் ஊரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, சிறு மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துச் சோதித்தார். நீரின் உராய்வு ஒரு தடை. கப்பல் தானே எழுப்பும் அலைகள் மற்றொரு தடை. வேகம் கூடக் கூட இரண்டாவது தடை வெகு விரைவாக வளர்கிறது என்பதை அவர் அளந்து காட்டினார்.

இதைச் சாதாரணக் கணக்காகவும் சொல்லலாம். நீரைக் கிழித்துச் செல்லும் படகு ஒன்றில், வேகம் இருமடங்கானால் வேண்டிய சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகும். வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி எட்டில் ஒரு பங்கு போதும். அதே தூரத்தைக் கடக்க இருமடங்கு நேரம் ஆகுமாகையால், எரிபொருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். நேரத்தைக் கொடுத்து எண்ணெயை வாங்குகிறோம் என்பதே இதன் பொருள்.

இங்கே ஓர் இடையூறு உண்டு. பெரிய யந்திரத்தை மிக மெதுவாக ஓட்டினால், தன் உள் உராய்வையும் நீரிறைக்கும் பம்புகளையும் சமாளிக்கவே அது எண்ணெயில் ஒரு பகுதியைச் செலவிட்டுவிடுகிறது. ஐம்பது பேருக்குச் சமைக்கும் அடுப்பில் ஒருவருக்குக் காபி போடுவதைப் போன்றது அது. இந்த இடையூறு பெரிதாக வெளிப்பட்டது போர்க்கப்பல்களில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பைன் யந்திரங்கள் வந்தபோது, அவை முழு வேகத்தில் சிறந்து விளங்கின. மெதுவான ரோந்தில் எரிபொருளை வாரி இறைத்தன. போர்க்கப்பலோ தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மெதுவான ஓட்டத்திலேயே கழிக்கிறது. ஆதலால் ரோந்துக்கென்றே தனி டர்பைன்களைப் பல கப்பல்களில் சேர்த்தார்கள்.

அந்த யோசனையின் இன்றைய வடிவை மும்பைத் தமிழர் தம் நகரிலேயே காணலாம். மஸகான் கப்பல் தளத்தில் உருவாகி 2010 ஏப்ரல் 29-இல் கடற்படையில் சேர்ந்த 'ஐ.என்.எஸ். சிவாலிக்' என்னும் போர்க்கப்பலில் இருவகை யந்திரங்கள் உள்ளன. சிக்கனமான ஓட்டத்துக்கு 2 டீசல் யந்திரங்கள். விரைந்து செல்ல 2 வாயு டர்பைன்கள். ஒன்று இயங்கும்போது மற்றது ஓய்வு கொள்ளும்.

சிறிய விசைப்படகுக்கும் இந்நியாயம் பொருந்தும். பின்புறத்தில் சிறு மோட்டார் ஒன்றைத் துணையாகப் பொருத்தி, அவசரமில்லாத வேளையில் அதனால் ஓட்டினால் எண்ணெய் மிஞ்சும். ஆனால் மிச்சத்தின் பெரும்பங்கு மோட்டாரின் சிறுமையால் வருவதன்று. வேகத்தைக் குறைத்ததால் வருவது. இன்றைய நல்ல யந்திரத்தை நிதானமாக ஓட்டியே அதில் பெரும்பகுதியைப் பெற்றுவிடலாம். மிச்சமாகும் எண்ணெய், மோட்டாரின் விலையை எத்தனை ஆண்டுகளில் ஈடுசெய்யும் என்று கணக்கிட்ட பின்னரே வாங்குவது அறிவுடைமை. பெரிய யந்திரம் பழுதுற்றால் கரை சேர்க்க இன்னொன்று இருக்கிறது என்னும் தைரியம் மட்டும் கணக்குக்கு அப்பாற்பட்ட லாபம்.

அதற்கும் எல்லை உண்டு. ஹூக்ளியில் பருவ வெள்ள ஏற்றத்தின்போது சுவர்போல எழுந்து வரும் பேரலையை எதிர்க்கச் சிறு மோட்டாரால் ஆகாது. அந்நதியின் படகோட்டிகள் 'ஜோவார்' என்னும் ஏற்றத்தையும் 'பாட்டா' என்னும் வடிவையும் பார்த்தே நெடுங்காலமாகப் படகு விட்டு வந்திருக்கிறார்கள். நீர் போகும் திசையில் நாமும் போவதற்கு எரிபொருள் செலவில்லை.

கரியறையில் சில மணி நேரக் கரியோடு ஏடனில் நங்கூரம் பாய்ச்சிய அந்தப் பம்பாய்க் கப்பலை எண்ணிப் பாருங்கள். அதன் தலைவன் நம்பியிருந்தது யந்திரத்தின் வலிமையை மட்டுமன்று, மிஞ்சியிருந்த கரியின் அளவையுந்தான். அடுத்த முறை லாஞ்சில் ஏறும்போது, படகுக்காரர் விசையைக் குறைத்து நிதானமாகச் சென்றால், தாமதம் என்று கடிந்துகொள்ள வேண்டாம். 200 ஆண்டுகளாகக் கடலோடிகள் கற்ற பாடத்தை அவர் அந்நேரத்தில் நடத்திக் காட்டுகிறார்.