எவன் இடையில் துப்பாக்கி?

இடையிலே கைத்துப்பாக்கி தொங்க, எவரும் காணக் கடைத்தெருவில் நடப்பது குற்றமா, உரிமையா? அமெரிக்காவிலே இதற்கு விடை, நடப்பவனின் தோலைப் பார்த்தே நெடுங்காலம் கூறப்பட்டது.

1857-இல், டிரெட் ஸ்காட் வழக்கிலே, கறுப்பர் குடிமக்களே அல்லர் என்று தீர்ப்பளித்தார் தலைமை நீதிபதி டானி. அவர் காட்டிய காரணங்களுள் ஒன்றைக் கேளுங்கள்: குடியுரிமை தந்தால், செல்லுமிடமெல்லாம் ஆயுதம் தாங்கும் உரிமையும் தரவேண்டி வருமாம்! அச்சம், நீதியின் அங்கி அணிந்து வந்தது. அடிமைத்தளை அறுந்த 1865-லேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது எனச் சட்டம் செய்தது.

நூறாண்டு கழிந்தது. கலிபோர்னியாவில், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பலரறிய ஏந்திச் செல்வதற்குத் தடையில்லை. 1966-இல் ஓக்லந்து நகரிலே கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கிய ஹியூ நியூட்டனும் பாபி சீலும் அந்த உரிமையைக் கையிலெடுத்தனர். போலீசார் கறுப்பரை மறிக்கும் இடங்களிலே, துப்பாக்கியும் சட்டநூலுமாகச் சற்று எட்ட நின்று கண்காணித்தனர் அவர்தம் தோழர்கள்.

பொறுக்குமா ஆளவந்தாருக்கு? மல்ஃபோர்டு என்ற சட்டமன்ற உறுப்பினர் தடை மசோதா கொணர்ந்தார். அதை எதிர்த்து, 1967 மே 2-ஆம் நாள், ஏறத்தாழ முப்பது பேர் சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்கு ஆயுதங்களோடு சென்றனர். மசோதா மேலும் விரைந்தது. சூலையிலே ஆளுநர் ரீகன் ஒப்பமிட்டார்.

துப்பாக்கிகள் தெருவிலே திரிவது நலமென்று வாதாட வரவில்லை நாம். தடை நல்லதே! ஆனால் அது பிறந்த வேளையைப் பாருங்கள். வெள்ளையர் ஏந்தியபோது வராத கவலையன்றோ அது!

அந்த ரீகனைத்தான் 1980-இல், குடியரசுத் தலைவர் தேர்தலிலே, துப்பாக்கி உரிமைக்கு வாதாடும் தேசிய ரைபிள் சங்கம் ஆதரித்தது. அப்பதவிக்கான வேட்பாளர் ஒருவரை அச்சங்கம் ஆதரித்தது அதுவே முதன்முறை.