நூல் பதிப்பிப்பார் கடன்

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டத்தில், வெள்ளாற்றின் தென்கரைக்கண் அமைந்த பேரூர் லப்பைக்குடிக்காடு. இசுலாமியப் பெருமக்கள் மிக்கு வாழும் அவ்வூர்க்கு எதிரே, வடகரையில், திட்டக்குடி தன் சிவாலயத்தோடு விளங்குகின்றது. ஆற்றையொட்டிக் கிழக்கே செல்வார்க்குத் திருப்பெண்ணாகடம் தோன்றும். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவநாயனார் அச்சுதகளப்பாளர் திருமகனாராய் அவதரித்த தலம் அதுவே. வட்டத்தின் தலைமையூராகிய குன்னமோ, மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் இளமையிற் சிதம்பரம் பிள்ளை என்பாரிடம் தமிழ் பயின்ற ஊராகும். பிறர் நூலையும் பிறர் கொள்கையையும் அச்சேற்றி உலகிற்கு அளிப்போர் தலைமேற்கொள்ள வேண்டிய கடன் யாது என ஆராய்வார்க்கு, இந்நிலப்பகுதியோடு இயைபுடைய வரலாறுகள் தக்க சான்றுகளாகும்.

மெய்கண்டார் திருவடி அடைந்த அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்தருளினார். பரபக்கத்தின்கண் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதத்தார் கொள்கைகள் ஆராயப்படுகின்றன. ஒவ்வொருவர் கூற்றும் முதற்கண் நிறுத்தப்பட்டுப் பின்னரே மறுக்கப்படுகின்றது. மாற்றார் கேட்பின், தம் கொள்கை அதுவே என உடன்படுமாறு எடுத்துரைத்த பின்னன்றோ மறுப்பும் மறுப்பாகும்? திரித்துரைத்து வெல்லுதல் வெற்றியாகாது. ஆகலின், பதிப்பறம் என இக்காலத்தார் கூறுவதன் வேர் சைவ சாத்திர மரபினுள்ளேயே உளது என்க.

இவ்வேர் அச்சுக்காலத்தில் எவ்வாறு பயன் தந்தது என்பதற்குச் சீவகசிந்தாமணிப் பதிப்பே சிறந்த சான்று. ஐயரவர்கள் 1871-ஆம் ஆண்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராய்ச் சேர்ந்து, திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் வளர்ந்தவர். 1880-ஆம் ஆண்டில் அரியலூரினின்றும் கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றம்பெற்று வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவரைச் சிந்தாமணி பயிலுமாறு தூண்டினார். அந்நூலோ சமணர் காப்பியம். சோழவேந்தன் அதனைச் சுவைத்திருந்தமை கண்டு சேக்கிழார் பெருமான் அவனைத் திருத்தொண்டர் வரலாற்றின்பால் திருப்பினார் என்பது, உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணத்தாற் சைவர் அனைவரும் அறிந்த செய்தி. அத்தகைய நூலை ஆதீன மாணாக்கர் ஒருவர் பதிப்பித்தல் தகுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. கண்டனங்களும் எழாமலில்லை.

ஐயரவர்கள் செய்தது யாது? தம் சமயத்திற் சிறிதும் தளராதவராய், கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்களை அணுகி, அச்சமயக் கருத்துகளை அவர் வாயிலாகவே கேட்டுத் தெளிந்தார். நச்சினார்க்கினியரும் சமண நூல்களைப் பயின்ற பின்னரே தம் சிந்தாமணி உரையைத் திருத்தி அமைத்தார் என்பது கன்னபரம்பரைச் செய்தி. அவ்வழி நின்று 1887-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பதிப்பு, சமணர் நூலைச் சமணர் நூலாகவே உலகிற்குக் காட்டிற்று. பின்னர் வந்த பதிப்புகளிலும் ஏடு உதவினோர் பெயர்களை முகவுரையில் நன்றியோடு குறித்தலும், பிரதிபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டுதலும் அவர்தம் வழக்கமாயின. 1894-ஆம் ஆண்டில் வெளியிட்ட புறநானூற்றில், ஏடு சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினாரேயன்றித் தாமாகச் சொற்பெய்து நிரப்பினாரல்லர். அவ்வாறு நிரப்புதல் அவர்போலும் புலமையுடையார்க்கு அரியதன்று. எனினும் புலவன் பாட்டும் பதிப்பாசிரியன் பாட்டும் ஒன்றாய்க் கலந்தபின் பிரித்தறிதல் எவர்க்கும் இயலாதன்றோ?

அற்றேல், பதிப்பித்தோர் பிழைத்தவழிச் செயற்பாலது யாது எனின், திருத்தமும் பதிப்பின் ஒரு கூறே என்பது விடை. சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் 1885-ஆம் ஆண்டு தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு என அச்சிட்டார். அதன் இறுதிப் பகுதியாகிய மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்பவற்றிற்கு அங்குக் காணப்பட்ட உரை பேராசிரியருடையது என்பதை, மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் 1902-ஆம் ஆண்டு தொடங்கிய செந்தமிழ் இதழில் ரா. இராகவையங்கார் காரணங்காட்டி நிறுவினார். அதற்கு முன்னரே, 1901-ஆம் ஆண்டில், பிள்ளையவர்கள் சிவபதம் எய்தியிருந்தார்கள். ஆயினும் அத்திருத்தம் அவர்தம் புகழைக் குறைத்திலது. செல்லரித்த ஏட்டை அவர் அச்சேற்றாதிருப்பின், திருத்தற்குரிய பொருளே பின்வந்தார் கைக்கு எய்தியிராது. ஓர் உரையாசிரியர்க்குரிய பெயர் அவர்க்கே மீண்டது. அறிஞர் இதழ் ஒன்று செய்யத்தக்க பணி இதனினும் மேம்பட்டது யாது?

இந்நெறி பிறழ்ந்தவிடத்து விளைவது யாது என்பதையும் சைவ உலகம் கண்டுள்ளது. இராமலிங்க அடிகளார் பாடல்களை அருட்பா எனல் தகுமோ என்னும் வினா, நூலாராய்ச்சியளவில் நின்று தீர்ந்திருத்தல் கூடும். அது 1869-ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடுத்த தலைமுறையிலும் நா. கதிரைவேற் பிள்ளை ஒருபாலும், மறைமலையடிகளும் இசுலாமியப் புலவராகிய கோட்டாறு செய்குதம்பிப் பாவலரும் மற்றொருபாலுமாக நின்று வாதிட்டனர். அருட்பாவை நிலைநாட்ட வேற்றுச் சமயப் புலவரொருவர் முன்வந்தமை பெருமையே. ஆயினும் இருதிறத்தாரும் சைவர்க்கு வேண்டியவராயிருக்க, வசைமொழிகள் அச்சேறி நிலைபெற்றமை பெருமையன்று. வாயினின்று வந்த சுடுசொல் காற்றொடு போகலாம். அச்சேறியதோ பேரன்மார் கைக்கும் சென்று சேரும்.

1997-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவ இதழாசிரியர் சிலர் கூடிப் பதிப்பறத்திற்கென ஒரு குழு அமைத்தனர். பிறர் ஆக்கத்தைத் தமதெனக் காட்டாமை, பிழையை மறையாது திருத்தி அறிவித்தல் முதலியவற்றை அன்னோர் நெறிகளாக வகுத்தனர். அவை தமிழர்க்குப் புதியன அல்ல. ஆயினும் முன்னோர் கொண்டிருந்தனர் என்னும் பெருமிதம் மட்டும் பின்னோரைக் காவாது. இன்று ஏடு உதவினார் பெயரும் முதற்பதிப்பாசிரியர் பெயரும் நீக்கி மறு அச்சிடுவார் உளர். மாற்றார் நூலைக் காணாதே மறுப்பு எழுதுவாரும் உளர். இவர்க்குப் பரபக்கமே உரைகல்லாகுக. வெள்ளாற்றின் எதிர்க்கரையார் படிப்பினும் தம் கொள்கை பிறழாது உரைக்கப்பட்டதென ஒப்புமாறு எழுதுதலும், ஏட்டில் உள்ளதையும் தாம் சேர்த்ததையும் வேறு பிரித்துக் காட்டுதலும் செய்வாராயின், அவர்தம் எழுத்துப்பணி சிவப்பணியாதல் திண்ணம்.

சிவம்.