முடிவு எங்கே எடுக்கப்பட வேண்டும்? மென்பொருள்வழி வலையமைப்புப் பாடத்தின் வரலாறும் திண்டுக்கல் சமவெளியும்

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்களும் 306 ஊராட்சிகளும் உள்ளன. பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்துடையது. அந்த இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே செல்கிறது. காற்றுக்கும் சாலைப் பணிக்கும் தப்பிப் பிழைக்க வேண்டிய இழை அது. இதே மாவட்டத்தில்தான் 1984 முதல் இயங்கும் பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரியும், ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியும், காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகமும் கணினியியல் கற்பிக்கின்றன. எஸ்.டி.என். எனப்படும் மென்பொருள்வழி வலையமைப்பை முதுநிலை மாணவர்க்கு ஆய்வுப் பாடமாக எப்படிக் கற்பிப்பது என்ற கேள்விக்கு, ஊராட்சிகளுக்குச் செல்லும் இழையிலிருந்தே விடை காணலாம் என்பது இக்கட்டுரையின் வாதம். இத்துறையின் வரலாறே அதற்குச் சான்று.

வேர்கள்

முடிவு எடுப்பவரும் அதை நிறைவேற்றுபவரும் ஒருவராகவே இருக்க வேண்டுமா என்பதுதான் எஸ்.டி.என்னின் அடிப்படைக் கேள்வி. கண்மாய்ப் பாசனம் அறிந்த மண்ணுக்கு இக்கேள்வி புதிதல்ல. மடையைத் திறந்து அடைப்பவர் நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் என்று தீர்மானிப்பது ஊர். தொலைபேசித் துறையும் இந்த வழிக்கு முன்பே வந்துவிட்டது. ஒரு காலத்தில் பேச்சு சென்ற அதே கம்பியில்தான் இணைப்புக்கான சமிக்ஞையும் சென்றது. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1976-இல் சமிக்ஞையைத் தனி வலையமைப்புக்கு மாற்றத் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில், எண்ணைப் பார்த்துச் சில வகை அழைப்புகளின் வழியைத் தீர்மானிக்கும் வேலையை மையக் கணினிகளிடம் ஒப்படைத்தது. ஆகவே, கட்டுப்பாட்டைப் பிரிக்கும் எண்ணம் எஸ்.டி.என். கண்டுபிடித்தது என்று வகுப்பில் சொல்வது வரலாற்றுப் பிழை.

இணையம் எதிர்த்திசையில் வளர்ந்தது. ஒவ்வொரு ரவுட்டரும் அண்டை ரவுட்டர்களிடம் கேட்டறிந்து தன் வழியைத் தானே முடிவு செய்தது. ஒரு பகுதி அறுந்தாலும் மீதி பிழைத்தது. அதுவே அதன் வலிமை. ஆனால் முடிவெடுக்கும் மென்பொருள் முழுவதும் தயாரிப்பாளர் மூடிவைத்த பெட்டிக்குள் போய்விட்டது. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒரு புதிய வழிகாட்டு முறையை எழுதினால், அதை உண்மையான போக்குவரத்தில் சோதிக்க இடமில்லாமல் போயிற்று. இந்தத் தடையை உடைக்கும் முயற்சியில் ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் கசாடோவும் உடன் உழைத்தவர்களும் 2007-இல் ஈத்தேன் என்னும் அமைப்பை வெளியிட்டார்கள். அதில் எந்தக் கணினி எதனோடு பேசலாம் என்பதை ஒரே மையக் கன்ட்ரோலர் தீர்மானித்தது. சுவிட்சுகள் அதை நிறைவேற்றின. அவர்கள் சோதித்த வளாக வலையமைப்பில் இருந்தவை 300-க்கும் சற்று அதிகமான கணினிகள். ஒரு துறையையே திருப்பிவிட்ட அந்த ஆய்வின் களம், எண்ணிக்கையில் திண்டுக்கல்லின் ஊராட்சிகள் அளவே. ஆய்வுக்குப் பெரிய களம் வேண்டும் என்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

2008-இல் வந்த ஓப்பன்ஃப்ளோ கட்டுரை இந்த வரலாற்றின் திருப்புமுனை. நிக் மெக்கியோன், ஸ்காட் ஷெங்கர், ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபர்ட், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் உள்ளிட்ட எட்டுப் பேர் எழுதியது அது. வளாக வலையமைப்புகளில் புதுமைக்கு வழி திறப்பதே அதன் நோக்கம் என்று தலைப்பே கூறுகிறது. சுவிட்சின் உள்ளே இருக்கும் அட்டவணையை வெளியிலிருந்து எழுத ஒரு பொது மொழி வேண்டும். அதைக் கொண்டு எங்கள் வளாகத்திலேயே நாங்கள் சோதனை செய்துகொள்கிறோம் என்பதுதான் அவர்கள் கேட்டது. பிரிவினை பழையது, புதியது இந்தத் திறப்பு. பின்னர் 2011-இல் தொழில்துறை கூடித் தனி அமைப்பு தொடங்கியது. கூகுள் தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 (B4) வலையமைப்பை இம்முறையில் இயக்கி, பல இணைப்புகளை ஏறத்தாழ முழுக் கொள்ளளவுக்கும் பயன்படுத்துவதாக 2013-இல் எழுதியது. இவையெல்லாம் வளாகத்தில் பிறந்த கேள்வியின் விளைவுகள்.

பாடமான கதை

2010-இல் வெளிவந்த மினிநெட், ஒரே மடிக்கணினிக்குள் ஒரு முழு வலையமைப்பை இயக்க வழி செய்தது. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு முதுநிலை மாணவர்கள், வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுகளை மினிநெட்டில் தாங்களே மீண்டும் உருவாக்கிப் பார்த்தார்கள். கட்டுரையைப் படித்தால் போதாது, அது சொல்வது உண்மையா என்று சரிபார்க்க வேண்டும் என்பதே அங்கு பாடமாயிற்று. 2013-இல் நிக் ஃபீம்ஸ்டர் இத்துறையைக் கோர்செராவில் இணையவழிப் பாடமாக உலகுக்குத் திறந்துவைத்தார். தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் சி.சி.எஸ். 365 என்ற எண்ணோடு இது இளநிலை விருப்பப் பாடமாக இடம்பெற்றுள்ளது: ஐந்து அலகுகள், ஸ்டாலிங்ஸின் பாடநூல், மினிநெட் செய்முறைகள். இளநிலையிலேயே இவ்வளவும் கிடைக்கும்போது, முதுநிலைப் பாடம் அதையே திரும்பச் சொல்வதில் பயனில்லை. அது கேள்வி கேட்கும் பாடமாக மாற வேண்டிய காலம் வந்துவிட்டது.

எளிய செய்முறையிலேயே அந்தக் கேள்வி தொடங்குகிறது. மினிநெட்டில் இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒரு சுவிட்ச் வைத்துப் பிங் கொடுத்தால், முதல் பதில் வரத் தாமதமாகிறது. அடுத்தவை சட்டென்று வந்துவிடுகின்றன. முதல் பாக்கெட்டை என்ன செய்வதென்று சுவிட்சுக்குத் தெரியாது. அது கன்ட்ரோலரைக் கேட்கிறது. கன்ட்ரோலர் அட்டவணையில் ஒரு விதி எழுதுகிறது. அடுத்த பாக்கெட்டுகள் அந்த விதிப்படியே சென்றுவிடுகின்றன. அந்த முதல் தாமதம்தான் தொலைவில் எடுக்கப்படும் முடிவுக்குக் கொடுக்கும் விலை. அப்படியானால் கன்ட்ரோலரை எங்கே வைப்பது? ஹெல்லர், ஷெர்வுட், மெக்கியோன் மூவரும் 2012-இல் இதையே ஆராய்ந்தார்கள். தாமதத்தை மட்டும் கணக்கிட்டால் பல வலையமைப்புகளுக்கு ஒரே கன்ட்ரோலர் போதும், பழுதைத் தாங்க அது போதாது என்றார்கள். திண்டுக்கல்லுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். போய்வர 4 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். தாமதம் இங்கே பொருட்டே அல்ல. ஆனால் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கம்பம் சாய்ந்து இழை அறுந்தால், அப்பால் உள்ள சுவிட்சுகளுக்குச் சென்னை இல்லவே இல்லை. எனவே இங்கே அளக்க வேண்டியது தாமதத்தை அல்ல, பிழைத்திருத்தலை. 14 ஒன்றியங்களில் எத்தனை இடத்தில் கன்ட்ரோலர் வேண்டும், எந்த இரண்டு இழைகள் சேர்ந்து அறுந்தால் எத்தனை ஊராட்சிகள் தனித்துப்போகும் என்பவை, பாடநூலில் விடையில்லாத, ஆனால் ஒரு பருவத்துக்குள் மினிநெட்டில் ஆராயத்தக்க கேள்விகள்.

மறுப்புகளும் விடைகளும்

கருவி இல்லாத கல்லூரியில் ஆய்வு எப்படி என்று கேட்கலாம். மடிக்கணினிக்குள் ஓடும் வலையமைப்பு உண்மையான சுவிட்சின் வேகத்தைக் காட்டாது என்பது சரியே. ஆனால் எந்த இழை அறுந்தால் எந்த ஊர் துண்டிக்கப்படும் என்பது வேகத்தைப் பற்றிய கேள்வி அல்ல, அமைப்பைப் பற்றிய கேள்வி. அதற்கு மினிநெட் நேர்மையான சோதனைக்களம். ஓப்பன்ஃப்ளோ பழசாகிவிட்டது என்பது அடுத்த மறுப்பு. 2014-இல் பி4 (P4) என்னும் மொழி அதைத் தாண்டியது. அம்மொழிக்குப் பெயர்பெற்ற டோஃபினோ சில்லுகளின் அடுத்த தலைமுறையை இன்டெல் 2023-இல் கைவிட்டது. கருவிகள் இவ்வளவு விரைவில் வந்து போவதால்தான், அவற்றினூடே மாறாமல் நிற்கும் கேள்வியைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கன்ட்ரோலரின் கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவருக்கு, அது வழக்கொழிந்ததும் கையில் எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது மறுப்பு ஆழமானது. திண்டுக்கல் மண்ணிலேயே வேர்கொண்டது. 1947-இல் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், கிராமம் தன் காலில் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது. அதிகாரத்தை மையத்தில் குவிக்கும் ஒரு தொழில்நுட்பத்தை அந்த மண்ணில் போற்றலாமா? இதை எளிதில் ஒதுக்கக் கூடாது. ஆனால் எஸ்.டி.என்னுக்கு உள்ளேயே இதற்கு விடை உண்டு. 2011-இல் வந்த ஓப்பன்ஃப்ளோ 1.1, கன்ட்ரோலரோடு தொடர்பு அறுந்தால் சுவிட்ச் எப்படி நடக்க வேண்டும் என்று இரண்டு வழிகளை வகுத்தது: ஏற்கெனவே எழுதிய விதிகளைக் காத்துத் தொடர்வது ஒன்று, சாதாரண சுவிட்சைப் போலத் தன் புத்தியில் இயங்குவது மற்றொன்று. இழை அறுந்தால் மையத்தைக் கேட்காமலே மாற்று வழிக்குத் திரும்பும் ஏற்பாடும் அதே பதிப்பில் வந்தது. ஊரிலிருந்து சொல் வராத அன்று நீர்ப்பாய்ச்சி எதை நம்பி மடையைத் திறப்பார் என்ற கேள்விதான் இது. எந்த முடிவை மையத்தில் வைப்பது, எதை முன்கூட்டியே ஊராட்சியின் சுவிட்சுக்குக் கொடுத்துவைப்பது என்பது அமைப்பவரின் தேர்வு. தொழில்நுட்பத்தின் விதி அல்ல. அந்தத் தேர்வைக் காரணத்தோடு செய்யக் கற்பதே ஆய்வுப் பாடத்தின் சாரம்.

முடிவுரை

இடத்தின் கேள்வி கருவியை மாற்றும் என்பதற்கு இந்தியாவிலேயே முன்னுதாரணம் உண்டு. 1984-இல் தொடங்கிய சி-டாட், குளிர்சாதனம் இல்லாத கிராமத்துக் கட்டடத்தில் வெப்பத்தையும் தூசியையும் தாங்கி இயங்கும் 128 முனைகள் (போர்ட்) கொண்ட தொலைபேசி எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. கிராமத்தின் நிலைமையையே வடிவமைப்பின் நிபந்தனையாக வைத்ததால் அது பிறந்தது. ஸ்டான்ஃபோர்டு தன் வளாகத்தைப் பார்த்துக் கேட்டது. சி-டாட் இந்தியக் கிராமத்தைப் பார்த்துக் கேட்டது. திண்டுக்கல்லின் முதுநிலை மாணவர் தம் 306 ஊராட்சிகளின் வரைபடத்தை மினிநெட்டில் ஏற்றி, ஒரு இழையை அறுத்து, எந்தெந்த ஊர்கள் இன்னும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று எண்ணிப் பார்க்கும் நாளில், எஸ்.டி.என். தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது: தன் வலையமைப்பைப் பற்றித் தானே கேள்வி கேட்கும் ஒரு வளாகத்துக்கு.