சீகன்பால்கு: ஒரு குடும்பப் பெயரின் வரலாறு

தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றைப் பயின்றோர் யாவரும் அறிந்த பெயர் சீகன்பால்கு என்பது. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கி, மணலில் எழுதித் தமிழ் பயிலும் சிறுவர்களோடு தாமும் ஒருவராய் அமர்ந்து தமிழ் கற்றவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவரும் அவரே. 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான, இலத்தீன் மொழியில் அமைந்த தமிழ் இலக்கண நூலும் அவருடையதே.

அவர்தம் தொண்டினைப் பாடம் நடத்தும் வகுப்பில், “ஐயா, இந்தப் பெயருக்கு என்ன பொருள்?” என்று ஒரு மாணவன் கேட்பானாயின் அது நல்ல கேள்வியே ஆகும். பர்த்தலோமேயு என்பது அவருக்கு இடப்பட்ட பெயர்; இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரின் பெயர். சீகன்பால்கு என்பதோ அவருக்கு முன் அவர் தந்தையும், தந்தைக்கு முன் முன்னோரும் தாங்கி வந்த குடும்பப் பெயர். ஜெர்மன் மக்களிடையே அருகியே வழங்கும் பெயர்களுள் அஃது ஒன்று. அதன் வரலாற்றை ஆராய்ந்தால், ஒரு பெயரை எவ்வாறு ஆராய்தல் வேண்டும் என்பதும் உடன் விளங்கும்.

செவி தரும் மயக்கம்

ஒலியை மட்டும் கொண்டு பொருள் காண முயல்வது சொல்லாராய்ச்சியில் நேரும் பெரும் பிழை. சீகன்பால்கு என்னும் பெயரில் ‘பால்’ என்னும் சொல் தமிழர் செவிக்குத் தெளிவாகக் கேட்கிறது. முற்பகுதி ஆட்டைக் குறிக்கும் என்று ஒருவர் அறிந்துகொண்டாரானால், ‘ஆட்டுப்பால்’ என்று முடிவு செய்துவிடவும் கூடும். அம்முடிவு முற்றிலும் தவறாகும்.

ஜெர்மன் மொழியில் இப்பெயரின் ஒலி ஏறத்தாழ ‘ட்சீகன்பல்க்’ என்பதாம். மொழிக்கு முதலில் ‘ட்ஸ்’ என்னும் கூட்டொலி தமிழில் வாராது; ஆகவே அது சகரமாயிற்று. வல்லின மெய் ஈற்றில் நில்லாது. ஆகவே உகரம் பெற்றுக் ‘கு’ என முடிந்தது. குறுகிய ‘பல்’ நீண்டு ‘பால்’ ஆயிற்று. தமிழ் வாய்க்கு ஏற்பத் தமிழர் ஆக்கிக்கொண்ட வடிவமே சீகன்பால்கு. அது வழக்கில் நிலைத்துவிட்ட நல்ல வடிவமே. ஆயினும் பெயரின் பொருளை அவ்வடிவத்தில் தேடுதல் ஆகாது. அப்பெயர் பிறந்த மொழியில் தேடுதல் வேண்டும்.

சொல்லின் பொருள்

இப்பெயர் இரு சொற்களால் ஆயது. ‘ட்சீகெ’ என்பது வெள்ளாடு. ‘பல்க்’ என்பது தோல். இடையில் நிற்கும் ‘ன்’ இரு சொற்களையும் இணைக்கும் பழைய வேற்றுமை ஈற்றின் எச்சம். தமிழில் ‘ஆட்டின் தோல்’ என்பதில் வரும் இன் சாரியையை அஃது ஒருவாறு நினைவூட்டும். ஆகவே பெயரின் பொருள் வெள்ளாட்டுத்தோல் என்பதாம்.

‘பல்க்’ என்னும் சொல் எல்லாத் தோலையும் குறிப்பதன்று. விலங்கின் உடலினின்று உரித்தெடுத்த தோலையே சிறப்பாகக் குறிப்பது. கிழிக்காமல் உரித்த தோல் பையாகப் பயன்பட்டது. நான்காம் நூற்றாண்டின் கோதிக் மொழி விவிலியத்தில் திராட்சை மது ஊற்றிவைக்கும் தோற்பைக்கு இச்சொல்லின் பழைய வடிவமே ஆளப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் வயிற்றைக் குறிக்கும் ‘பெல்லி’யும், கொல்லன் துருத்தியைக் குறிக்கும் ‘பெல்லோஸ்’ என்பதும் இதே வேரினின்று வந்தவை. ஜெர்மனியர் இன்றும் துருத்தியை ‘பிளாஸபல்க்’, அஃதாவது ‘ஊதும் தோல்’ என்றே வழங்குகின்றனர். ஆட்டுத்தோலால் ஆன துருத்தியைக் கொல்லுலையில் கண்ட தமிழருக்கு இத்தொடர்பு எளிதில் விளங்கும்.

இக்கால ஜெர்மன் பேச்சில் ‘பல்க்’ என்பதற்கு அடங்காப் பிள்ளை என்னும் வசைப்பொருளும் உண்டு. அப்பொருளைக் கொண்டு குடும்பப் பெயரை விளக்குதலும் பிழையாம். பெயர் தோன்றிய காலத்தில் அச்சொல்லுக்கு இருந்த பொருள் யாது என்பதே கேள்வி. செவியை நம்பித் தமிழர் தவறுவது போலவே, இன்றைய பேச்சை நம்பி ஜெர்மனியரும் தவற இடமுண்டு.

குடும்பப் பெயர்கள் பிறந்த முறை

பண்டை ஜெர்மனியருக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. கொலோன் முதலிய மேற்கு நகரங்களிலும் தெற்கு நகரங்களிலும் 12ஆம் நூற்றாண்டு தொட்டு இரண்டாம் பெயர் வழங்கலாயிற்று. நகரங்களில் மக்கள் பெருகினர். ஆனால் இயற்பெயர்களோ யோஹன்னஸ், ஹைன்ரிக் என ஒரு சிலவே. வரிப் பதிவிலும் சொத்துரிமை ஏட்டிலும் ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறிய அடைமொழி தேவைப்பட்டது. அவ்வடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் சென்றபோது குடும்பப் பெயர் ஆயிற்று. கிழக்குப் பகுதிகளிலும் நாட்டுப்புறங்களிலும் இவ்வழக்கம் பிற்பட்டே வேரூன்றியது.

இப்பெயர்களை அறிஞர் ஐவகையாகப் பகுப்பர். தமிழரோடு தொடர்புற்ற பெயர்களே பலவற்றுக்குச் சான்றாகின்றன. முன்னோரின் இயற்பெயரால் அமைந்தது முதல் வகை. தரங்கம்பாடியில் பணியாற்றிய வால்தரின் பெயர் அத்தகையது. வந்த நாட்டால் அமைந்தது இரண்டாம் வகை; பவேரியாவிலிருந்து வந்தவன் ‘பேயர்’ ஆனான். வாழ்ந்த இடத்தால் அமைந்தது மூன்றாம் வகை. சீகன்பால்குவின் தாய் பிறந்த குடும்பத்தின் பெயராகிய ‘பிரூக்னர்’ பாலத்தருகே வாழ்ந்தவனைக் குறிக்கும். பாலத்தில் சுங்கம் பெற்றவனையும் குறிக்கும். தொழிலாலும் பதவியாலும் அமைந்தது நான்காம் வகை. விவிலிய மொழிபெயர்ப்பைச் சீகன்பால்குவுக்குப் பின் தொடர்ந்த ஷூல்ட்ஸேயின் பெயருக்கு ஊர்த்தலைவன் என்பது பொருள். உருவத்தாலும் இயல்பாலும் அமைந்தது ஐந்தாம் வகை. தஞ்சையில் புகழ்பெற்ற ஷ்வார்ட்ஸின் பெயருக்குக் ‘கறுப்பு’ என்பது பொருள். கருமுடி உடையான் ஒருவனுக்கு இடப்பட்டது போலும்.

‘வெள்ளாட்டுத்தோல்’ இவற்றுள் எவ்வகை? தொழிலை நேரே கூறாமல், தொழிலுக்குரிய பொருளையோ கருவியையோ கூறி ஆளைச் சுட்டும் பெயர்களும் ஜெர்மன் மொழியில் உண்டு. கொல்லனை ‘ஹாமர்’ (சுத்தியல்) என்றும், செருப்புத் தைப்போனை ‘க்னீரீம்’ (முழங்கால் வார்) என்றும், மாவு விற்போனை ‘மேல்’ (மாவு) என்றும் அழைத்தனர். அவ்வாறே ஆட்டுத்தோலைப் பதப்படுத்துவோனையோ விற்போனையோ அண்டை அயலார் ‘ட்சீகன்பல்க்’ என்று அழைத்தனர் என்பதே ஏற்புடைய விளக்கம். தொழிற்பெயருக்கும் பட்டப்பெயருக்கும் இடைப்பட்டது இது.

கூலவாணிகன் மகன்

ஈண்டு ஓர் உண்மை கருதத்தக்கது. 1682இல் பர்த்தலோமேயு பிறந்த போது அவர் தந்தை செய்த தொழில் தோல் தொழில் அன்று. அவர் தானிய வணிகர். பெயர் தோலைக் கூறுகிறது. கடையோ தானியம் விற்கிறது!

தமிழிலும் தொழிலடை பெற்ற பெயர்கள் பண்டே உண்டு. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்னும் சங்கப் புலவர் பெயர்களை ஆசிரியர்கள் நன்கு அறிவர். கூலம் விற்றவர் கூலவாணிகன் எனப்பட்டார். அறுவை, அஃதாவது ஆடை, விற்றவர் அறுவை வாணிகன் எனப்பட்டார். அவ்வடை அவரவர் செய்த தொழிலை அன்றே காட்டியது. தமிழ் முறைப்படி அடை கொடுத்திருந்தால் பர்த்தலோமேயுவின் தந்தையும் கூலவாணிகன் என்றே பெயர் பெற்றிருப்பார்.

ஜெர்மன் குடும்பப் பெயரோ ஒருகால் நிலைத்த பின் மாறுவதில்லை. தொழில் மாறினும், ஊர் மாறினும், கல்வி வந்து சேரினும் பெயர் அப்படியே நிற்கும். ஆகவே குடும்பப் பெயர் அதைத் தாங்குபவரைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. அவருடைய முன்னோன் ஒருவனைப் பற்றியே கூறுகிறது. அவனுடைய இயற்பெயர் மறைந்தது. அவன் கை பட்ட தோல் மட்டும் பெயராய் எஞ்சியது.

இப்பெயர் இழிவா?

ஆட்டுத்தோல் என்று கேட்டவுடன் சிலர் நகைப்பர். சிலர் முகம் சுளிப்பர். தோல் தொழிலை இழிவென்று கருதிய பழக்கம் தமிழரிடையே ஆழப் பதிந்திருந்தமையே அதற்குக் காரணம். அவ்வெண்ணத்தை அப்படியே ஜெர்மன் வரலாற்றில் ஏற்றிக் காண்பது தகாது. இறந்த விலங்குகளை அகற்றி உரித்தோரை அந்நாட்டுச் சமுதாயமும் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தது, அக்கொடுமையை மறைப்பதற்கில்லை. ஆனால் தோல் பதனிடுவோரும் மென்மயிர்த் தோலாடை செய்வோரும் தமக்கெனச் சங்கம் அமைத்து, முறைப்படி தொழில் பயின்று, நகரத்தில் மதிப்புடன் வாழ்ந்த கைவினைஞர். நாற்றத்தின் பொருட்டும் நீரின் பொருட்டும் அவர்தம் தொழிற்கூடங்கள் ஆற்றங்கரையில் அமைந்தன, அவ்வளவே.

எளிய பெயரை நாணி மறைத்த கற்றோரும் ஜெர்மனியில் இருந்தனர். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தாய்மொழிப் பெயரைக் கிரேக்கத்திலோ இலத்தீனிலோ பெயர்த்துக்கொள்வது புலமையின் அடையாளமாயிற்று. ‘கரிய மண்’ என்று பொருள்படும் ஷ்வார்ட்ஸெர்ட் என்னும் பெயரைக் கிரேக்கமாக்கி மெலாங்க்தன் ஆனார் லூதரின் நண்பர். உழவன் என்று பொருள்படும் பௌவர் என்னும் பெயருடையார், அதை இலத்தீனாக்கி அக்ரிகோலா என்னும் பெயரில் சுரங்கவியல் நூல் எழுதினார். 1779இல் தமிழ் அகராதி வெளியிட்ட பப்ரீசியுஸின் குடும்பப் பெயரும் கொல்லனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று வந்ததே. ஆட்டுத்தோல் குடும்பத்தாரோ தம் பெயரை அவ்வாறு பெயர்க்கவில்லை. ஹாலேயில் பயின்ற பின்னும், டென்மார்க்கு மன்னரால் அனுப்பப்பட்ட பின்னும், பர்த்தலோமேயு தம் முன்னோர் பெயருடனே வாழ்ந்தார்; 1719இல் அப்பெயருடனே தரங்கம்பாடியில் மறைந்தார்.

எங்கே வழங்குகிறது?

பர்த்தலோமேயு பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ். சாக்சனி மாநிலத்தில் டிரெஸ்டன் நகருக்கு வடகிழக்கே உள்ளது. அவ்வூர்ப் பெயர் ஜெர்மன் சொல் அன்று, சிலாவியச் சொல். சோர்பியர் என்னும் சிலாவிய மக்கள் வாழும் லவுசிட்ஸ் நிலப்பகுதியின் மேற்கெல்லையில் உள்ள ஊர் அது. அண்டையில் சோர்பியக் குடும்பப் பெயர்கள் பல வழங்கவும், ‘ட்சீகன்பல்க்’ தூய ஜெர்மன் பெயராக விளங்குகிறது.

மற்றொரு சான்றும் உண்டு. வெள்ளாட்டைத் தெற்கு ஜெர்மனியர் ‘கைஸ்’ என்பர். ‘ட்சீகெ’ என்பது நடு ஜெர்மனியின் கிழக்குப் பகுதிச் சொல். லூதர் தம் விவிலியத்தில் ஆண்டமையால் அது பொதுமொழியில் பரவியது. ஆகவே பெயருக்குள் உள்ள ஆட்டின் பெயரே அக்குடும்பத்தின் தாயகம் இன்னதெனக் காட்டுகிறது. இக்குடும்பத்தார் இன்றும் சாக்சனியில்தான் மிகுதி.

ஜெர்மனியில் வழங்கும் குடும்பப் பெயர்கள் ஏறத்தாழ 850,000 எனக் கணக்கிட்டுள்ளனர். 2005ஆம் ஆண்டின் தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு அவற்றின் பரவலை நிலப்படங்களாக வரைந்து, 2009 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். போர்களும் இடப்பெயர்வுகளும் நிகழ்ந்த பின்னும் பல பெயர்கள் தாம் பிறந்த நிலத்திலேயே இன்றும் செறிந்திருத்தலை அப்படங்கள் காட்டுகின்றன.

ஒரு பெயர் மிகுதியாவதற்கும் அருகுவதற்கும் காரணம் எளியது. மாவரைப்போனைக் குறிக்கும் ‘மியூலர்’ ஜெர்மனியில் முதலிடம் பெற்ற பெயர். ஊர்தோறும் ஆலை இருந்தது. ஆகவே ஊர்தோறும் அப்பெயர் தனித்தனியே பிறந்தது. ‘ஷ்மிட்’ என்னும் கொல்லன் பெயரும் அவ்வாறே. ஆட்டுத்தோல் என்பதோ அயலார் கூறிய பட்டப்பெயர். எல்லா ஊரிலும் அது பிறக்க வழியில்லை. பிறந்த சில குடும்பங்களிலும் மகளிர் மணந்து கணவர் பெயரை ஏற்றனர். ஆண் வழி அற்ற கிளைகளில் பெயரும் அற்றது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் சாக்சனியில் பல கிளைகளை அழித்தது. எஞ்சிய பெயர்களும் எழுத்தர் கேட்டவாறே பலவாறாக எழுதப்பட்டன. 1876இல் பேரரசு முழுவதும் அரசுப் பதிவகங்கள் தொடங்கிய பின்னரே எழுத்துமுறை உறுதியாயிற்று.

ஆகவே ஒரு பெயரின் பொருளை அறிய வேண்டுவன மூன்று: அது பிறந்த மொழியின் பழைய வழக்கு, அது பிறந்த நிலம், அதைக் காத்த ஏடு. இம்மூன்றும் இன்றிச் செவியால் மட்டும் கூறும் பொருள் கற்பனையே. சீகன்பால்கு என்னும் பெயருக்குப் பொருள் கேட்கும் மாணவனிடம் ஆசிரியர் தயங்காமல் ஆட்டுத்தோல் என்றே கூறலாம். அவன் நகைத்தால், ஆற்றங்கரையில் தோல் பதனிட்ட ஒரு தொழிலாளியின் வழித்தோன்றலே தமிழெழுத்தை ஈயத்தில் வார்ப்பித்து அச்சேற்றினான் என்பதையும் கூறுதல் வேண்டும். அந்நகைப்பு அடங்குமாயின் அப்பாடம் பயன் தந்ததாகும்.