மாதுங்கா இலைச் சாப்பாடும் அப்பா ஏறாத படிக்கட்டும்

போன மாசம் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு லீவு என்று தங்கமணி சனிக்கிழமை ராத்திரியே அறிவித்துவிட்டதால், செம்பூரிலிருந்து எல்லோருமாக டாக்ஸி பிடித்து மாதுங்கா போனோம். இலைச் சாப்பாடு. மகளுக்கு பீட்சா கிடைக்காத வருத்தம், எனக்கு நல்ல ரசம் கிடைக்கப்போகிற சந்தோஷம். அப்பா மட்டும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. காரணம் கடைசியில் வருகிறது.

நாங்கள் போனது மாதுங்கா சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி கிழக்குப் பக்கம் முதல் மாடியில் இருக்கும் ஏ. ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். 1942-ல் ஆரம்பித்தது. மும்பைத் தமிழர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, திங்கட்கிழமை போய் ஏமாந்து திரும்பியவர்கள் உட்பட (அன்று விடுமுறை). மெனு கார்டைப் புரட்டி யோசிக்கிற வேலையே கிடையாது. அளவுச் சாப்பாடா, அளவில்லாததா, தட்டா, இலையா... இவ்வளவுதான் கேள்வி. மற்றதெல்லாம் சமையற்கட்டு முடிவு செய்தது.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓட்டல் இல்லை, ரெஸ்டாரண்ட் இல்லை, போர்டிங். குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்ச் சாப்பிட உண்டான இடமே இல்லை அது. குடும்பம் ஊரில் இருக்க, தனியாக வந்து அல்லாடினவனுக்கு உண்டானது.

கதை பிளேக்கில் தொடங்குகிறது. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்து நெரிசலான பேட்டைகளில் ஜனங்கள் செத்து விழுந்தார்கள். அதற்குப் பிறகு 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்து, நகரத்துக்கு வடக்கே தாதர், மாதுங்கா பக்கம் அகலத் தெருக்களும் மனைகளும் போட்டார்கள். நிலம் தயாராகி வீடுகள் எழும்பிய சமயத்தில்தான் தெற்கிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. கையில் மெட்ரிகுலேஷன், டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட். ரயில்வே, கம்பெனி, சர்க்கார் ஆபீஸ் என்று குமாஸ்தா வேலை. பெரும்பாலும் பிராமணர்கள். நிகில் ராவ் என்ற சரித்திர ஆசிரியர் 2013-ல் மாதுங்காவின் அடுக்குமாடி வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தமிழர், மலையாளி, கன்னடக்காரர் என்று தனித்தனியாக வந்தவர்கள் இந்தத் தெருக்களில்தான் 'சௌத் இண்டியன்' ஆனார்கள் என்கிறார். 1932-ல் தொடங்கிய பள்ளிக்கூடச் சங்கத்தின் பெயரும் சௌத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டிதான்.

பின்னாலேயே சாப்பாட்டுக் கடைகள். மணீஸ் லஞ்ச் ஹோம் 1937, ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ராமா நாயக் 1942. ஒரு சின்னப் பேட்டைக்குள் ஐந்து வருஷத்தில் இத்தனை! இதில் பல கடைகளை நடத்தினவர்கள் தென் கனராக்காரர்கள். தமிழன் ஊர்ச்சாப்பாடு என்று உருகியதை ஆக்கிப்போட்டது உடுப்பிக் கை. அதனால்தான் சாம்பாரில் லேசாக வெல்லம் தட்டும்.

1942 நல்ல வருஷமும் இல்லை. மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது, பர்மா அரிசி நின்றது. அடுத்த வருஷம் மே மாதம் பம்பாயில் ரேஷன் வந்துவிட்டது. சோற்றை நம்பி கடை திறக்க உகந்த நேரமா அது? திறந்தார் மனுஷர், நிலைத்தும் விட்டார்.

அளவில்லாத சாப்பாட்டுக்கு ஒரே விலை வைத்தால் எப்படிக் கட்டுப்படியாகும்? காமர்ஸ் படித்தவன், எனக்கு இது உறுத்தும். விஷயம் சராசரியில் இருக்கிறது. நான்கு தடவை சோறு வாங்குகிறவனுக்கு, ஒரு கரண்டியோடு எழுந்து போகிற பெரியவர் ஈடு கட்டிவிடுவார். இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு! எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதால் மீதியும் விரயமும் குறைவு. அதைவிடப் பெரிய சௌகரியம் சாப்பிடுகிறவனுக்கு. மாசக் கணக்கு வைத்துச் சாப்பிடும் குமாஸ்தாவுக்கு முதல் தேதியே செலவு தெரிந்துவிடும், மிச்சத்தை ஊருக்கு மணியார்டர் செய்யலாம். பரேல், லால்பாக் மில் தொழிலாளிகளுக்கு மராத்திப் பெண்கள் வீட்டிலேயே சமைத்துப்போட்ட 'கானாவள்' இதே கணக்குதான். அந்தப் பெண்களைச் சேர்த்துத்தான் பிரேமா புரவ் 1975-ல் அன்னபூர்ணா மகிளா மண்டல் தொடங்கினார்.

பிறகு 1966 ஜூனில் சிவசேனை. 'மார்மிக்' வாரப் பத்திரிகையில் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல் வந்தது. உடுப்பிக் கடைகள் மேல் கல் விழுந்தது. 1969 பிப்ரவரியில் எல்லைப் பிரச்சினையை வைத்து நடந்த கலவரத்திலும் அப்படியே. கல் எறிகிறவன் கன்னடமா தமிழா என்று விசாரிக்கவில்லை, எல்லாம் 'மதராஸி'தான். (அதே கட்சித் தலைவர் முதலமைச்சராக இருந்தபோது 2020 ஜனவரியில் பத்து ரூபாய்க்கு 'சிவ போஜன்' தாலி கொண்டுவந்தார்கள். இரண்டு சப்பாத்தி, ஒரு காய், சோறு, பருப்பு. பசி கட்சி பார்ப்பதில்லை போலும்.)

இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வாருங்கள். கிழக்கே மாதுங்கா. மேற்கே பெயரில் மாதுங்காவை வைத்துக்கொண்டு தாராவியோடு சேர்ந்து கிடக்கிறது மாதுங்கா லேபர் கேம்ப். தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர்கள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே. தோல் பதனிட வந்தவர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும். மாதுங்கா குமாஸ்தாவுக்கு முன்னால் வந்தவர்கள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பம்பாயில் தமிழர் சாப்பாடு என்று யாராவது எழுதினால் மாதுங்கா மட்டும்தான் வருகிறது. காலையில் சைக்கிளில் டின் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு மும்பை முழுக்க இட்லி விற்கிறார்களே, அந்த இட்லி அவிவது தாராவி வீடுகளில். அவர்களையும் யாராவது எழுதலாம்.

அப்பா 1968-ல் பத்தொன்பது வயதில் அந்தத் தாராவிக்கு வந்தார். தோல் கிடங்கில் வேலை பார்த்த சித்தப்பா வீடு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிக் கோட்டையில் ஒரு ஆபீஸில் தற்காலிக வேலை. மூன்று வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். சோற்று இலை வந்து, சாம்பார் ஊற்றி, இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அவராகச் சொன்னார்.

"அப்ப இந்தப் பக்கம் ஒரு மாடிக் கடை உண்டும்ல. சம்பளத்தன்னைக்கு வந்து கீழ நிப்பேன். ரசம் வாசம் படிக்கட்டு வரைக்கும் வரும். ஏறினதில்ல."

"ஏம்ப்பா, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நமக்குள்ள கடை இல்லன்னு நானே போயிட்டேன்."

எந்தக் கடை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 1950-ல் வந்த அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு, பொது உணவு விடுதிகளில் சாதி சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஆனால் ஊரில் அவர் பார்த்து வளர்ந்தது வேறு. 'பிராமணாள்' என்று போர்டு எழுதிய ஓட்டல்கள் சர்வ சாதாரணம். அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி, சாசனம் வந்து ஏழு வருஷம் கழித்து 1957-ல், திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியாரின் ஆட்கள் மாசக்கணக்கில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. எட்டு வயதில் ஊரில் காதில் விழுந்தது பத்தொன்பது வயதில் பம்பாய் வரை கூடவே வந்து, அவரைப் படிக்கட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டது.

என் மகளுக்கு இதெல்லாம் புரிந்த மாதிரி தெரியவில்லை. "தாத்தா, கீழ நின்னா எப்படி சாப்பாடு தருவாங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது அப்பளத்துக்குப் போய்விட்டாள். தங்கமணிதான் பேச்சை மாற்ற, அப்பா இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொன்னாள்.

சாப்பிட்டு இலையை மடித்துக் கை கழுவினோம். இந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு, சமையற்கட்டை யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். நான் பில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அப்பாவைக் காணோம். வாசலில் இல்லை, படியில் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்துச் சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"உள்ள என்னப்பா பாத்தீங்க?"

"அண்டா அண்டாவா சோறுதாம்ல," என்றார். "நல்லா சுத்தமா வச்சிருக்காங்க."