குரூர்: தன்னையே ஏமாற்றும் மனம்

இன்றைய உளவியல் பாடநூல்களில் ‘தற்காப்பு உத்திகள்’ என்றோர் அதிகாரம் தவறாமல் இடம்பெறுகிறது. தாங்கவொண்ணாத உண்மையை மனம் தன்னிடமிருந்தே மறைக்கும் வழிகள் அவை. செய்த செயலுக்கு நல்லதொரு காரணம் கற்பித்துக்கொள்ளும் இயல்பை 1908இல் எர்னஸ்ட் ஜோன்ஸ் பெயரிட்டு விளக்கினார். சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா 1936இல் இவ்வுத்திகளைத் தொகுத்து நூலாக்கினார்.

அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இத்தகைய தன்மயக்கத்தைக் ‘குரூர்’ என்னும் பெயரால் ஆராய்ந்தார்கள். ‘இஹ்யா உலூமித்தீன்’ மூன்றாம் பகுதியின் இறுதி நூல் இதற்கே உரியது. ஆலிம்கள், வணக்கசாலிகள், சூஃபிகள், செல்வர்கள் என நால்வகையினரை அதில் சோதிக்கிறார்கள். பள்ளிவாசல் கட்டித் தம் பெயரைப் பொறிக்கும் செல்வர், அதனை இறைவனுக்கென்றே செய்ததாக நம்புகிறார். பெயரின்றி ஒரு தீனார் கொடுக்கவும் அவர் மனம் ஒப்புவதில்லை. நம் புதுக்கோட்டைப் பகுதியில் பள்ளிவாசல் சுவர்களின் சலவைக்கற்களைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

எனினும் இமாம் முதலில் நிறுத்துவது ஆலிம்களையே. பக்தாத் நிஜாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தபோது, தம் போதனையின் உந்துதல் பதவியும் கீர்த்தியுமே எனக் கண்டார்கள். 1095இல் நா எழாது பாடம் நின்றது. நோயின் வேர் உள்ளத்தில் என்றனர் மருத்துவர்கள். பதவியைத் துறந்து வெளியேறிய பின்னரே இஹ்யா உருவாயிற்று.

ஃப்ராய்டியருக்கு இது நனவிலி மனம் தேடும் பாதுகாப்பு. இமாமுக்கோ, மனிதன் விடைசொல்ல வேண்டிய பிணி. அதற்கு மருந்து முஹாசபா என்னும் தற்சோதனை. அந்நூலைப் பிறரை எடைபோடும் துலாக்கோலாக்கினால், அதுவும் குரூரே.